மூன்று மணிக்குக் குப்பை

"1995 டிசம்பர் 15, வெள்ளி. காலை 6.10. ஏழு பைகள். உறைநிலைக்குக் கீழே பத்தொன்பது."

என் சொந்தக் குறிப்புக் கொப்பிகளில் நாலாவதில் இந்த வரி இருக்கிறது. அதே ஏழு குப்பைப் பைகளைப் பற்றி, நான் வேலை செய்த விடுதியின் பதிவுத் தாளில் எழுதியது வேறு: "டிசம்பர் 14, வியாழன். மாலை 5.00. வெளியே கொண்டுபோகப்பட்டது. சி." இரண்டும் என் கையெழுத்து. முதலாவது உண்மை, இரண்டாவது பொய். தேதியும் நேரமும் பிழைக்காமல் எழுதுகிறவன் என்று நண்பர்களிடம் பெயர் வாங்கியவன் நான். அந்தக் குளிர்காலத்துக்கு மட்டும் அந்தப் பெயர் செல்லாது. இந்த இரண்டு வரிகளுக்கும் பிறகு இன்னொரு இருபது நிமிடம் இருக்கிறது. அதை எந்தத் தாளிலும் நான் எழுதவில்லை. சென்ற ஒக்டோபரில்தான் முதன்முதலாக வாயால் சொன்னேன்.

விடுதி லொரன்ஷியன் மலையில் இருக்கிறது. மொன்றியலிலிருந்து வடக்கே காரில் ஒன்றரை மணி நேரம். பதினான்கு அறைகள், அறைக்கு ஒரு கணப்படுப்பு, முன்னால் ஒரு ஏரி. பெயர் வேண்டாம்; நான் இருந்த காலத்திலேயே மூன்று உரிமையாளர்கள் மாறினார்கள். 1995 ஒக்டோபர் 2, திங்கட்கிழமை, அறைகள் பகுதியில் உதவியாளாகச் சேர்ந்தேன். 2023 ஏப்ரலில் அந்தப் பகுதிக்கே பொறுப்பாளனாக ஓய்வு பெற்றேன். அத்தனை ஆண்டும் உள்ளே போனது பின்கதவால்.

சென்ற ஒக்டோபரில் மகள் எங்கள் கலியாண நாளுக்கு அங்கே இரண்டு இரவு தங்க ஏற்பாடு செய்துவிட்டு, பிறகுதான் சொன்னாள். முன்கதவால் போய், பெட்டியை வேறொருவர் தூக்கிவர, பதினோராம் அறையில் நின்றேன். கை சும்மா இருக்கவில்லை. கட்டில் விரிப்பின் மூலை ஒன்று தளர்ந்திருந்தது.

"என்னப்பா செய்யிறீங்கள்?" என்றாள் மனைவி வசந்தி.

"மூலை சரியில்லை."

"அந்தக் கட்டிலை விடுங்கோ. பிள்ளை எங்களை இஞ்ச படுக்கத்தான் அனுப்பினவள். விரிக்கிறதுக்கு இல்லை."

படுத்தேன். கூரையைப் பார்த்தேன். விளக்குக் கிண்ணத்துக்குள் இரண்டு செத்த ஈக்கள் கிடந்தன. வசந்திக்குச் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் மரி-ஏவ் கதவைத் தட்டினாள். நான் ஓய்வு பெறும்போது என் இடத்துக்கு வந்தவள்; வயது முப்பதுக்குள். இப்போது எல்லாம் மாறிவிட்டதாம். விருந்தினர் கேட்டால் மட்டும்தான் அறை துப்புரவாக்குவார்கள். பதிவுத் தாள் இல்லை. எல்லோர் கையிலும் போன். அந்தப் போனை என் முன்னால் நீட்டி, "மெஸ்ஸியூ சிவா, இதை உங்களிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன்" என்றாள். "மற்ற வேலைகளுக்கு அந்தந்த நேரம் ஏன் என்று எனக்குத் தெரியும். இது மட்டும் தெரியவில்லை. பக்கத்து விடுதிகளில் எல்லாம் ஐந்து மணி."

திரையில் இருந்தது: 15.00, குப்பை.

அது என்னால் வந்த மூன்று மணி. அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தொழில் கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் ஆறு வாரத்தில் விரிப்பு விரிக்கவும், துவாய்களை மூன்றாக மடிக்கவும், "பொன்ஜூர்" என்று வணக்கம் சொல்லிவிட்டு மறைந்து போகவும் பழகினேன். அதற்கு முன் பத்து மாதம் மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாலு பேர் இருந்த ஒரு அறையில் வேலையில்லாமல் கிடந்தவன். ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்று கடிதத்தில் இருந்தது. அதற்குள் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம்.

மேலாளர் மதாம் ஜிசேல். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு. உயரம் குறைவு, சாம்பல் நிற மேலங்கி, காதுக்குப் பின்னால் பென்சில். துப்புரவான அறையை அவர் பார்வையிடும் முறையை வேறெங்கும் நான் காணவில்லை. நின்று பார்க்கவே மாட்டார். முதலில் கதிரையில் உட்காருவார். பிறகு சப்பாத்துக் கால் வெளியே தொங்கும்படி கட்டிலில் மல்லாந்து படுப்பார். குளியல் தொட்டிக்குள் உடுப்போடு இறங்கி இருப்பார். கழிப்பறை மூடியில் உட்கார்ந்து கதவின் கீழ்ப் பிணைச்சலைப் பார்ப்பார். "இங்கே வருகிறவர்கள் இளைப்பாற வருகிறார்கள். நாம் நின்றுகொண்டு துடைக்கிறோம், அவர்கள் படுத்துக்கொண்டு பார்க்கிறார்கள்" என்பார். குறை கண்டால் ஒரே சொல்: "மறுபடியும்." அதைக் கோபமில்லாமல், நேரம் சொல்வது போலச் சொல்வார்.

பதிவுத் தாள் ஒரு அட்டையில் செருகி இருக்கும். அறை எண், விரிப்பு, துவாய், குப்பை போன நேரம், செய்தவரின் முதலெழுத்து. நாங்கள் எழுதிவிட்டுப் போவோம். மாலையில் மதாம் அதை எடுத்துப் பென்சிலால் குறியிடுவார். சரி என்றால் ஒரு கோடு. "பார்த்தேன், சொன்னபடி இல்லை" என்றால் ஒரு புள்ளி. அதன்பிறகு தாள் அவருடைய அலமாரிக்குப் போய்விடும். அடுத்த நாள் யாரையாவது கூப்பிட்டுத் தாளை முன்னால் வைத்தால், அதில் புள்ளி இருக்கும். நவம்பரில் ஒருவர் துடைக்காத குளியலறையைத் துடைத்ததாக எழுதினார். மதாம் கூப்பிட்டார், மறுநாள் அந்த மனிதர் வேலையில் இல்லை. "அழுக்கை நாளைக்குத் துடைக்கலாம். பொய் எழுதினால் எனக்கு எதைத் துடைப்பதென்று தெரியாது" என்று எங்கள் எல்லோருக்கும் சொன்னார்.

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற நான், அந்த வாரமே பொய் எழுதத் தொடங்கியிருந்தேன்.

காரணம் வெட்கக்கேடாகச் சின்னது. விளக்கு வைத்த பிறகு வீட்டுக் குப்பையை வெளியே போடக்கூடாது, லட்சுமி போய்விடுவாள் என்று எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். நம்பினேனா என்று கேட்டால் பதில் தெரியாது. ஆனால் அந்த மலையில் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். குப்பையின் முதல் வண்டில் மதியம் இரண்டுக்குப் போகும். இரண்டாவது வண்டில், கடைசி அறைகள் முடிந்து ஐந்து மணிக்கு. அதற்குள் தாழ்வாரத்து விளக்குகள் எல்லாம் எரியும். பத்து மாதம் தேடிக் கிடைத்த வேலையில் நின்றுகொண்டு, எரியும் விளக்குக்கு முன்னால் குப்பையை வெளியே தள்ள எனக்குக் கை போகவில்லை. பைகளைப் பனிச்சறுக்குக் கட்டைகள் வைக்கும் பின்னறையில் ஒரு மூலையில் வைத்துவிடுவேன். காலை ஆறு மணிக்கு எடுத்து நூறு மீற்றர் தள்ளி இருக்கும் குப்பைக் கொட்டிலில் போடுவேன். கரடிக்கும் நரிக்கும் பயந்து இரும்புக் கதவு போட்ட கொட்டில் அது. தாளில் "5.00" என்று எழுதுவேன். லொறி வரும் நாட்களில், அதாவது திங்களும் வியாழனும், பல்லைக் கடித்துக்கொண்டு மாலையிலேயே கொண்டுபோவேன்.

இதை அறிந்தவர் ஒருவர்தான். ஜெசிந்தா அக்கா. மன்னார்க்காரி, கத்தோலிக்கர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். எட்டாம் அறையிலிருந்து பதினாலு வரை அவருடைய பொறுப்பு. கணவரும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில், மடுப் பக்கம் இருந்தார்கள். இவருடைய அகதி விண்ணப்பத்துக்கு ஜனவரியில் விசாரணை. கறுப்பு நாடா கட்டிய கோப்பு ஒன்றில் கடிதங்களை அடுக்கி, வேலைக்கு வரும்போதும் கொண்டுவருவார், விட்டுவரப் பயம்.

"தம்பி, வெளியில மைனஸ் இருபது" என்பார். "உங்கட லட்சுமி சீலையோட எங்க போறது? கதவைத் திறந்து விட்டாலும் அவ போகமாட்டா."

"பகிடி விடாதேங்கோ அக்கா."

"பகிடி இல்லை. அவவுக்கு ஒரு கோட்டு வாங்கிக் குடும். பேந்து குப்பையைக் கொண்டு போகலாம்."

டிசம்பர் 14, வியாழன், லொறி வரும் நாள். மதியத்திலிருந்து பனி கொட்டியது. ரொறன்ரோவிலிருந்து வந்து ஒன்பதாம் அறையில் நாலு நாள் இருந்த வயதான தம்பதி பிந்திப் புறப்பட்டதால் அந்த அறையும் பிந்தியது. ஐந்து மணிக்கு இரண்டாவது வண்டிலைத் தள்ளினேன். பின்வாசலில் வண்டிலின் சில்லு பனியில் புதைந்துவிட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். தாழ்வாரம் முழுக்க வெளிச்சம். வண்டிலை உள்ளே இழுத்து, ஏழு பைகளையும் வழக்கமான மூலையில் வைத்தேன். ஐந்தேகாலுக்கு லொறி வந்து, கொட்டிலில் இருந்ததை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. தாளில் "5.00" என்று எழுதினேன். வெள்ளி காலை 6.10க்குப் பைகளைக் கொட்டிலில் போட்டேன். தாளின்படி அவை அந்நேரம் லொறியில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அன்று காலை எட்டு மணிக்கு ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது. அந்த அம்மாவின் நீலக்கல் மோதிரத்தைக் காணவில்லை. கைக்குக் களிம்பு பூசக் கழற்றிக் கட்டில் மேசையில் வைத்ததாகச் சொன்னார். அறையைத் துப்புரவாக்கியவர் யார் என்று கேட்டார்கள். ஒன்பதாம் அறை ஜெசிந்தா அக்காவுடையது.

துணிகள் வைக்கும் அறை நிலக்கீழ்த் தளத்தில் இருந்தது. அதற்கு இறங்கும் படிகள் வெறும் பலகைகள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெளி. நான் துவாய்க் கட்டோடு இறங்கும்போது கீழே உரிமையாளரின் குரல் கேட்டது. மேலே இருந்து ஆறாவது படியில் நின்றேன். அறையை அங்குலம் அங்குலமாகத் தேடியாயிற்று, குப்பை நேற்றே லொறியில் போய்விட்டது, தாளில் இருக்கிறது, ஆகவே பொலிசைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். மதாம் ஜிசேல் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பத்து மணி வரை எனக்குத் தாருங்கள்."

உரிமையாளர் மறுபக்கக் கதவால் போனார். கீழே மதாமும் ஜெசிந்தா அக்காவும் எதிரெதிரே இருந்தார்கள். அக்காவின் மடியில் அந்தக் கோப்பு இருப்பது பலகை இடுக்கால் தெரிந்தது. விசாரணைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது பொலிஸ் கோப்பில் களவு என்று ஒரு பெயர் ஏறினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பிள்ளைகளைக் கூப்பிடுவது பிறகு பேச்சிலும் இருக்காது.

அப்போது மணி 9.15. நான் படியில் உட்கார்ந்தேன். ஒன்பதாம் அறையின் பை கொட்டிலில் இருக்கிறது என்று சொன்னால், நான் பொய் எழுதியவன். பைக்குள் மோதிரம் இல்லாவிட்டால் அக்காவும் போவார், நானும் போவேன். இப்படி இரண்டு பக்கமும் கணக்குப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நியாயம் எது என்பதில் எனக்கு ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் இருக்கவில்லை. இருந்தும் 9.35 வரை எழும்பவில்லை.

இறங்கிப் போய் மதாமிடம் சொன்னேன். என் அப்போதைய பிரெஞ்சில் அது நாலு வசனம்.

அவர் நிமிரவில்லை. "எத்தனை பை?"

"ஏழு."

"எண் ஒட்டியிருக்கிறதா?"

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்தது.

பையின் முடிச்சில் அறை எண் எழுதிய காகித நாடா ஒட்டுவது அவருடைய சட்டம். அதை மட்டும் நான் ஒருநாளும் பிழைக்க விட்டதில்லை. ஒன்பதாம் எண் பையைக் கொண்டுவந்தேன். கல்லாக உறைந்திருந்தது. உலர்த்தும் யந்திரத்தின் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தோம். பத்து மணியானபோது மதாம் மேலே போய் ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தார். என்ன சொன்னாரோ, யாரும் பொலிசைக் கூப்பிடவில்லை.

மடிக்கும் மேசையில் பழைய விரிப்பொன்றை விரித்தார். கையுறை போட்டார். ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பெயரைச் சொல்லி வலப்பக்கம் வைத்தார். என்னை எழுதச் சொன்னார். தோடம்பழத் தோல், இரண்டு பழத்துக்குரியது. உடைந்த சீப்பு. பாதி நிரப்பிய குறுக்கெழுத்துத் தாள். களிம்புக் குழாய், வெறுமை. பிறகு கசக்கிய மென்தாள்கள், ஈரத்தோடு உறைந்து சின்னச் சின்னப் பனிக்கட்டியாக. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து இளகும்வரை பொறுத்து விரித்தார். பத்து தாள்களில் களிம்பு மட்டும் இருந்தது. ஜெசிந்தா அக்கா சுவரைப் பார்த்தபடி உதடு அசையச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். பதினோராவதை எடுத்ததும் மதாம் விரிக்கவில்லை. கையில் நிறுத்துப் பார்த்தார். பிறகு அப்படியே அக்காவிடம் நீட்டினார்.

"நீங்கள் திறவுங்கள்."

நீலக்கல் மோதிரம். மணி 10.20.

அக்கா அழவில்லை. அழுக்குத் துணிக் கூடையின் மேல் உட்கார்ந்து, மூச்சு வாங்கும்வரை சிரித்தார். என்னைப் பார்த்து, "உங்கட லட்சுமி நல்லவ தம்பி. இனி அவவைப் பகிடி பண்ணமாட்டன்" என்றார்.

மதாம் காரணம் கேட்டார். விளக்கு, லட்சுமி, வெளியே குப்பை என்று தெரிந்த சொற்களில் சொன்னேன். அந்தக் குளிர்காலத்தில் லொறி வராத நாட்களில் எழுதிய "5.00"கள் பொய் என்பதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "மூன்று மணிக்கு இருட்டாதுதானே?" என்றார். நாளையிலிருந்து எல்லோரும் இரண்டாவது வண்டிலை மூன்றுக்கு எடுக்க வேண்டும், அதற்கேற்ப அறைகளின் வரிசையை மாற்றுகிறேன் என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாளும் சொல்லவில்லை. ஏப்ரலில் என் தகுதிகாண் காலம் முடிந்ததாகக் கடிதம் வந்தது.

ரொறன்ரோ அம்மா மன்னிப்புக் கேட்டு ஜெசிந்தா அக்காவுக்கு ஒரு பெட்டி சொக்லேட் அனுப்பினார். "எனக்கு இது இறங்காது" என்று அக்கா அதை என்னிடம் தந்தார். நான் சாப்பிட்டேன். ஜனவரி விசாரணை நல்லபடி முடிந்தது. 1998 கோடையில் கணவரும் பிள்ளைகளும் வந்தார்கள். இப்போது அவர் மொன்றியலுக்குப் பக்கத்தில் புரோசார்ட்டில் மூத்த மகளோடு இருக்கிறார்.

இந்தக் கதையில் படியில் இருந்த இருபது நிமிடத்தை மட்டும் மரி-ஏவிடமும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவள் கேட்டுவிட்டு, "பழைய தாள்கள் கீழே ஒரு பெட்டியில் இருக்கின்றன. அடுத்த மாதம் எறியப்போகிறோம். பார்க்கிறீர்களா?" என்றாள். வசந்தி ஏரியைப் பார்த்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். "போங்கோ, போங்கோ. போகாட்டி இண்டைக்கு நித்திரை கொள்ளமாட்டீங்கள்" என்றாள்.

பெட்டியில் ஒரு குளிர்காலத்தின் தாள்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. நல்லவேளை, அதே குளிர்காலம். நவம்பர் 20 முதல் டிசம்பர் 14 வரை என் ஒவ்வொரு பொய் "5.00"க்கும் பக்கத்தில் மதாமின் பென்சில் புள்ளி இருந்தது. லொறி வந்த மற்ற நாட்களில், நான் உண்மையாகவே ஐந்துக்குக் கொண்டுபோன இடங்களில், கோடு. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. என் கொப்பியோடு அவர் தாள் அப்படியே ஒத்துப்போனது.

தாளைப் படம் எடுத்துக்கொண்டு அறைக்கு வந்து ஜெசிந்தா அக்காவுக்குப் போன் எடுத்தேன். புள்ளிகளைச் சொன்னேன். பிறகு, முப்பது வருடம் சொல்லாததையும் சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு நான் உடன வந்து சொல்லேல்லை. இருபது நிமிஷம் படியில இருந்தனான்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உம்மட சப்பாத்துத் தெரிஞ்சது, பலகைக்குள்ளால. ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது."

அவரே தொடர்ந்தார்.

"பை எங்க இருந்ததெண்டும் தெரியும். வியாழக்கிழமை வெளிக்கிடேக்க பின்னறையில கண்டனான். நான் வாயைத் திறந்தா உமக்கு வேலை போகும். நீரே சொன்னா அது வேற கதை. அதான் பாத்துக்கொண்டு இருந்தன்."

"நான் சொல்லாம விட்டிருந்தா?"

"பத்துக்கு நானே சொல்லியிருப்பன். எனக்கு ரெண்டு பிள்ளையள் தம்பி. உம்மட வேலையை விட அது பெரிசு." சிரித்தார். "நல்ல காலம், நீர் வந்திட்டீர். இல்லாட்டி இவ்வளவு காலமும் உம்மோட கதைச்சிருக்கேலாது."

போனை வைத்தேன். வசந்தி என்னவென்று கேட்டாள். சொன்னேன். "அவ்வளவுதானே" என்றாள். அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. அக்காவுக்கு எதிரே இருந்த மதாமுக்கும், ஒருமுறை திரும்பியிருந்தால், பலகை இடுக்கால் என் சப்பாத்து தெரிந்திருக்கும். உரிமையாளரிடம் பத்து மணி வரை அவகாசம் கேட்டதும் அவர்தான். டிசம்பர் 14ஆம் தேதிப் புள்ளியை அவர் வழக்கம்போல அந்த வியாழன் மாலையே வைத்திருந்தால், பை போகவில்லை என்று தெரிந்துகொண்டே வெள்ளி காலை எனக்காகக் காத்திருந்திருக்கிறார். நான் எல்லாவற்றையும் சொன்ன பிறகு, வெள்ளியன்று உட்கார்ந்து பழைய தாள்களைத் திருத்தியிருந்தால், அவருக்கு முன்பே தெரிந்திருக்கவில்லை. மதாம் ஜிசேல் 2019இல் காலமானார். அவருடைய மருமகளுக்கு எழுதிக் கேட்டேன். தனிக் குறிப்புகள் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. பென்சில் புள்ளியில் தேதி இல்லை. எந்த நாளில் அது வைக்கப்பட்டது என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.